காயலைச் சுற்றி, மலையும் ஏறி, ஒரே நாளில்: கிராவல் பைக்குக்கு எந்த டயர், எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

நெய்தல்:

வணக்கம் எல்லாருக்கும். ஒரு காயலை ஒரே நாள்ல சைக்கிள்ல முழுசா சுத்தி வரணும்னு ரொம்ப நாளா ஆசை. இப்பதான் ஒரு வழியா பாதையை வரைஞ்சு முடிச்சிருக்கேன். மொத்தம் 92 கி.மீ. கடலுக்கும் காயலுக்கும் நடுவுல நீளமா ஒரு மணல்திட்டு, அதுல 18 கி.மீ. பாதை. பாதி கெட்டிச் சரளை, மீதி மணல். கடலைப் பார்த்து நின்னா இடது கைப்பக்கம் தொடங்கி, வலது கைப்பக்கம் முகத்துவாரத்துல போய் முடியுது. முகத்துவாரத்துக்கு மேல பாலம் இருக்கு. பாலம் தாண்டினா மலை. செம்மண் பாதை, ஜல்லி, சில இடத்துல உருட்டுக்கல். 12 சதவீதம் வர்ற ஏற்றம் ரெண்டு இருக்கு. மேப்ல மொத்த ஏற்றம் 1,150 மீட்டர்னு காட்டுது. மலையை விட்டு இறங்கினா காயலோட உள்கரை. 25 கி.மீ. சமதளம்தான், ஆனா களியும் சேறும்.

என்னோடது கிராவல் பைக், அதாவது சரளைப் பாதைக்கான சைக்கிள். அலுமினிய ஃப்ரேம், டிஸ்க் பிரேக், 700சி சக்கரம், 40 மி.மீ. டியூப்லெஸ் (உள்டியூப் இல்லாத) டயர். முன்னாடி ஒரே செயின்ரிங் (மிதியோட சேர்ந்து சுத்துற பல்சக்கரம்), 40 பல். பின்னாடி 11-42 கேசட் (பல்சக்கர அடுக்கு, சின்னது 11 பல், பெருசு 42). ஃப்ரேம்ல 45 மி.மீ. டயர் வரைக்கும் போகும். என் எடை 68 கிலோ, பைக், பை, தண்ணி எல்லாம் சேர்த்தா 85 வரும்.

மணலுக்காக 45 வாங்கணுமா? இல்ல 650பி சக்கரமே மாத்திடு, 47 போட்டுக்கலாம்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா? காத்து எவ்வளவு வைக்கிறது? மலையை முதல்ல முடிக்கணுமா, மணலை முதல்ல முடிக்கணுமா? அந்த 42 பல் ஏற்றத்துக்குப் போதுமா? தார் ரோட்டுல நிறைய ஓட்டியிருக்கேன், சரளையிலும் ஓரளவு பழக்கம் உண்டு. உப்புத் தண்ணி பக்கத்துல ஓட்டுறது இதான் முதல் தடவை.

பழைய ஸ்போக்:

வணக்கம் நெய்தல். காயலும் மலையும் சேர்ந்த பாதை கிடைப்பதே ஒரு கொடுப்பினை. மணல், கல், களி மூன்றும் ஒரே நாளில் சக்கரத்துக்குக் கீழே வரும். நான் காயலோரமாகவே ஓட்டிப் பழகியவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டயரைப் பற்றி இப்போது கவலைப்படாதீர்கள். 40 மி.மீ. போதும். எந்த நேரத்தில் எங்கே இருக்கிறீர்கள் என்பதுதான் அந்த நாளைத் தீர்மானிக்கும். முதலில் காற்றையும் தண்ணீரையும் பார்த்து நேரம் குறியுங்கள்.

காற்றின் கணக்கு இது. வெயில் ஏறினால் நிலம் கடலைவிடச் சீக்கிரம் சூடாகிறது, நிலத்தின் மேலுள்ள காற்று எழும்புகிறது, அந்த இடத்துக்குக் கடலிலிருந்து காற்று வருகிறது. விடியற்காலையில் பெரும்பாலும் காற்றே இருக்காது, இருந்தாலும் நிலத்திலிருந்து கடலை நோக்கி மெல்ல வீசும். முற்பகலில் திசை திரும்பும். பிற்பகலில் உச்சத்துக்கு வரும். காயலுக்குப் பின்னால் மலை இருந்தால், வெயில் பட்ட சரிவும் காற்றை மேலே இழுக்கும், வேகம் இன்னும் கூடும். மணல்திட்டில் ஒதுங்குவதற்கு ஒரு மறைப்பும் கிடையாது. பக்கவாட்டில் அடிக்கிற காற்று, நீங்கள் பாடுபட்டுப் பிடித்த கெட்டித் தடத்திலிருந்து முன்சக்கரத்தைத் தள்ளி, பொலபொலத்த மணலில் இறக்கிவிடும். வெறும் கால்வலியைப் பொறுத்துக்கொள்ளலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இறங்கித் தள்ளுவது மனதையே சோரவைக்கும். அதனால் மணல்திட்டைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

இதில் இன்னொன்று இருக்கிறது. கடற்காற்று நாள் முழுக்க ஒரே திசையிலிருந்து வீசாது. பூமியின் சுழற்சியால் அது மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கும். வட அரைக்கோளத்தில் கடலைப் பார்த்து நின்றால், மதியம் நேராக முகத்தில் அடிக்கிற காற்று, மாலை ஆக ஆக வலது கைப்பக்கத்துக்கு நகரும். தென் அரைக்கோளத்தில் இடது கைப்பக்கத்துக்கு. நீங்கள் வட அரைக்கோளத்தில் இருந்தால் உங்கள் பாதை அருமையாக அமைந்திருக்கிறது. காலையில் மணல்திட்டில் இடமிருந்து வலமாகப் போகிறீர்கள், அப்போது காற்று இல்லை. மாலையில் உள்கரையில் வலமிருந்து இடமாகத் திரும்புகிறீர்கள், காற்று முதுகுப்பக்கம் வந்திருக்கும். களைத்துப்போன காலுக்கு அந்த 25 கி.மீ.யில் இதைவிடப் பெரிய உதவி கிடைக்காது. வானிலை அறிக்கையில் அன்றைக்குப் பலமான பருவக்காற்றோ, தாழ்வழுத்தமோ இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு எடுபடாது. அப்போது அறிக்கையில் சொல்கிற திசையை வைத்து முடிவெடுங்கள்.

அடுத்தது ஓதம், அதாவது கடல்நீர் ஏறி இறங்குவது. பெரும்பாலான கரைகளில் ஒரு உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் 12 மணி 25 நிமிட இடைவெளி. அதனால் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்ற இறக்கம் அதிகம். அட்டவணையில் போட்டிருக்கும் நேரம் வெளிக்கடலுக்கானது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. முகத்துவாரம் குறுகலாக இருப்பதால் காயலுக்குள் தண்ணீர் தாமதமாக ஏறும், தாமதமாக வடியும், உயரமும் குறைவாக இருக்கும். காயலின் கோடியில் இந்தத் தாமதம் மணிக்கணக்கில்கூட இருக்கலாம். கடலில் வற்றம் (தாழ் ஓதம்) என்று நினைத்து உள்கரைக்கு இறங்கினால், அங்கே பாதை இன்னும் தண்ணீருக்குள் கிடக்கும். மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைத்துக்கொண்டாலோ ஓதமே உள்ளே வராது. மலையிலிருந்து வருகிற மழைத்தண்ணீர் போக வழியில்லாமல் தேங்கி, கரைப்பாதை நாள்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். காயலுக்கு முகத்துவாரம்தான் உயிர்நாடி. ஒடிசாவின் சிலிகா ஏரியில் 2000ஆம் ஆண்டு புதிதாக ஒரு முகத்துவாரம் வெட்டியபின் அந்த ஏரியின் உப்பளவும் நீரோட்டமுமே மாறிப்போயின. போவதற்கு முந்தைய நாள், பாலத்துப் பக்கம் இருப்பவர் யாரிடமாவது முகத்துவாரம் திறந்திருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

இனி டயர். 650பி என்பது 584 மி.மீ. ரிம், உங்களுடையது 622. சின்ன ரிம்மில் தடித்த டயர் போட்டால் வெளிவிட்டம் ஏறக்குறைய ஒன்றாகவே வரும், மணலில் மிதப்பும் கூடும். அது உண்மைதான். ஆனால் 9 கி.மீ. மணலுக்காக ஒரு ஜோடி சக்கரம் வாங்கத் தேவையில்லை. 45 போட்டால் மணலில் நன்றாக இருக்கும், ஆனால் உள்கரைக் களியில் டயருக்கும் ஃப்ரேமுக்கும் நடுவில் இடம் இருக்காது. அந்த 25 கி.மீ.க்காகவே 40இல் இருங்கள் என்பேன்.

மாற்ற வேண்டியது காற்றழுத்தத்தை. உங்கள் எடைக்கு மணலில் முன்னால் 22, பின்னால் 24 பி.எஸ்.ஐ. வைத்துத் தொடங்குங்கள். பாலத்தில் நின்று 28, 31க்கு ஏற்றுங்கள். இல்லையென்றால் மலை இறக்கத்தில் கல் ரிம்மைத் தட்டும். மணலில் சரியாக இருக்கிறதா என்று பார்க்க இறங்கித் திரும்பித் தடத்தைப் பாருங்கள். நடுவில் ஆழமாக ஒரு வாய்க்கால் மட்டும் விழுந்திருந்தால் காற்று அதிகம். தடம் அகலமாக, ஆழமில்லாமல், டயரின் இரண்டு ஓரத்துப் பட்டன்களும் (முண்டுகளும்) லேசாகப் பதிந்திருந்தால் சரி. ஓரப் பட்டன்களைத் தாண்டி டயரின் பக்கச்சுவரே மணலில் பதிந்திருந்தால் குறைத்தது அதிகமாகிவிட்டது, பம்பால் இரண்டு அடி காற்று அடித்துக்கொள்ளுங்கள். விடியற்காலை 20 டிகிரியில் வைத்த 30 பி.எஸ்.ஐ., டயர் 40 டிகிரிக்குச் சூடானால் 33 ஆகிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். மதியம் மலையில் பைக் திடீரென்று துள்ளுகிற மாதிரி தோன்றினால் காரணம் இதுதான்.

மணலுக்குள் போவதற்கு முன்பே இலகுவான கியருக்கு வந்துவிடுங்கள். உடம்பைக் கொஞ்சம் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, மிதியை நிறுத்தாமல் சுற்றுங்கள். பிரேக் கூடாது. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தவுடனே முன்சக்கரம் மண்ணைத் தோண்டத் தொடங்கும். திருப்புவதெல்லாம் இடுப்பால்தான்.

மலைமுகடு:

ஸ்போக் ஐயா சொன்ன காற்றுக் கணக்கு சரி. ஆனால் நான் மலையைத்தான் முதலில் முடிப்பேன். 12 சதவீதச் சரளை ஏற்றத்தைக் கால் புதிதாக இருக்கும்போது ஏற வேண்டும். மதிய வெயிலில் ஏறினால் உடம்பு கொதித்துவிடும்.

கியர் விஷயத்தில் நெய்தலுக்கு ஒரு கணக்கு. 700சி சக்கரத்தில் 40 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். 40-42 கியரில், நிமிடத்துக்கு 60 தடவை மிதித்தால் வேகம் மணிக்கு 7.5 கி.மீ. அந்த வேகத்தில் 85 கிலோவை 12 சதவீதச் சரிவில் ஏற்ற மட்டும் 208 வாட் வேண்டும். சரளையின் உருளல் தடை ஒரு 25 வாட் சேரும். ஆக 230க்கு மேல். பத்து நிமிடத்துக்கு மேல் அந்த அளவுக்கு மிதிக்க முடியுமா என்று உங்களுக்கே தெரியும். முடியாவிட்டால் மிதிவேகம் 50, 45 என்று இறங்கும். ஒவ்வொரு மிதியிலும் பின்சக்கரத்துக்கு ஒரு உதை விழும், ஜல்லியில் அது வழுக்கும். சரளை ஏற்றத்தில் பலரும் காலை ஊன்றி நிற்பது அந்த வழுக்கலால்தான்.

செயின்ரிங்கை 36க்கு மாற்றுங்கள். கேசட், டெரெய்லர் (பின்னால் செயினைக் கியர் மாற்றித் தரும் கருவி) எதையும் தொடவேண்டாம். அதே 60 மிதிக்கு வேகம் 6.8க்கு வரும், தேவைப்படும் வாட் அதே விகிதத்தில் குறையும். சமதளத்தில் 36-11இல் நிமிடத்துக்கு 90 மிதித்தால் 39 கி.மீ. வேகம் கிடைக்கும். சரளையில் அதற்கு மேல் யாருக்கும் தேவைப்படாது. நான்கு பல் குறைவதால் செயினில் ஒரு ஜோடி கண்ணியைக் கழற்ற வேண்டியிருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறும்போது சீட்டை விட்டு எழாதீர்கள். சீட்டின் மூக்குக்கு நகர்ந்து, முழங்கையை மடக்கி, மார்பைத் தாழ்த்துங்கள். எடை பின்சக்கரத்தின் மேலேயே இருக்கும், முன்சக்கரமும் தூக்காது.

மேப் சொல்லும் 1,150 மீட்டரை அப்படியே நம்பவேண்டாம். பல செயலிகள் எடுத்தாளும் உயரத் தரவு, 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் ரேடாரால் அளந்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. சின்னச் சின்ன மேடுபள்ளம் அதில் விழாது. அடர்ந்த காட்டில் மரத்தின் உயரமும் கொஞ்சம் கலந்துவிடும். கரையோர மலைகளில் இப்படிச் சின்ன மேடுகள்தான் அதிகம், காலை வாங்குவதும் அவைதான். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் அந்தப் பாதைக்கு 'டிராக்டைப்' குறித்திருக்கிறார்களா பாருங்கள். கிரேட் 1 கெட்டியான பாதை, கிரேட் 5 வெறும் மண். கிரேட் 4, 5 வருகிற இறக்கங்களுக்கு நேரம் அதிகமாக ஒதுக்குங்கள்.

இறக்கத்தில் கையைக் கீழ் வளைவில் வையுங்கள். பிரேக் லீவர் இரண்டு விரலில் அடங்கும். வளைவுக்கு முன்பே, நேர்ப்பாதையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் முன்பிரேக்கைத் தொட்டால் ஜல்லி உருண்டு முன்சக்கரம் போய்விடும்.

பழைய ஸ்போக்:

முகடு, கியர் பற்றி நீங்கள் சொன்னதில் ஒரு சொல்லும் மாற்றமில்லை. 36 நல்ல யோசனை. நான் வைத்துக்கொள்ளச் சொல்வதும் அதுதான்.

மலையை முதலில் ஏறுவதில் மட்டும் நான் உடன்படவில்லை. மலையை முதலில் முடித்தால் மணல்திட்டுக்கு எப்போது வருவீர்கள்? மதியம் இரண்டு, மூன்று மணிக்கு. காற்று உச்சத்தில் இருக்கும், மேல்மணல் காய்ந்து நெகிழ்ந்திருக்கும். இரவுப் பனியில் ஈரமான மணல் காலையில் ஓரளவு இறுகி இருக்கும், வெயில் பட்டதும் அந்த இறுக்கம் போய்விடும். ஏற்றத்தில் களைத்தால் நிழலில் நிற்கலாம், இறங்கித் தள்ளலாம், அடுத்து ஒரு இறக்கம் வரும். மணல்திட்டில் களைத்தால் பாதி தூரத்திலிருந்து திரும்புவதும் முன்னே போவதும் ஒன்றுதான். நடுவில் விலகிப்போக ஒரு பாதை கிடையாது. வெளியேற வழி இல்லாத பகுதியைத்தான் முதலில் முடிக்க வேண்டும்.

வெயிலைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். அதற்கு விடை சீக்கிரம் கிளம்புவது. முதல் வெளிச்சத்தில் மணலில் இறங்கினால், நிதானமாகப் போனாலும் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பாலத்துக்கு வந்துவிடலாம். முதல் பெரிய ஏற்றத்தை ஒன்பது மணிக்குள் தொடலாம்.

தண்ணீரையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுற்றிலும் தண்ணீர் கிடந்தாலும் காயல் தண்ணீர் உவர். மலையேறுபவர்கள் கொண்டுபோகும் சாதாரண வடிகட்டி கிருமியைப் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது. வெயிலில் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர் வரை போகும். மணல்திட்டுக்கும் முதல் ஏற்றத்துக்கும் சேர்த்து மூன்று லிட்டருடன் கிளம்புங்கள்.

ஆலா:

டயர், கியர் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. மணல்திட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், தயவுசெய்து படியுங்கள்.

ஆலாக்களும் உப்புக்கொத்திகளும் கூடு கட்டுவதில்லை. உயர் ஓதக் கோட்டுக்கு மேலே, வெறும் மணலில் உள்ளங்கை அளவுக்கு ஒரு குழி பறித்து அதிலேயே முட்டையிடும். முட்டை மணல் நிறத்தில், கரும்புள்ளிகளோடு, கிளிஞ்சலுக்கு நடுவில் கூழாங்கல் மாதிரி கிடக்கும். நின்று பார்த்தாலே தெரியாது, 15 கி.மீ. வேகத்தில் போகிறவர் கண்ணில் படவே படாது. பாதையில் மணல் அதிகமாக இருக்கிறதே என்று ஓரமாக ஒதுங்கி ஓட்டுகிறீர்களே, அந்த ஓரம்தான் அவற்றின் இடம்.

ஒரு உப்புக்கொத்தி இறக்கை ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு உங்கள் முன்னால் ஓடினால், அதற்கு அடிபடவில்லை. முட்டையோ குஞ்சோ பக்கத்தில் இருக்கிறது, உங்களை வேறு பக்கம் இழுக்கப் பார்க்கிறது. அந்த இடத்திலேயே இறங்குங்கள். நீங்கள் வந்த டயர் தடத்தின் மேலேயே பின்வாங்கிப் பாதைக்கு வாருங்கள். நின்று படம் எடுக்காதீர்கள். தாய் எழுந்துபோன முட்டையை வெயில் சில நிமிடங்களில் கெடுத்துவிடும்.

முட்டையிடும் பருவம் ஒவ்வொரு கரைக்கும் ஒவ்வொரு மாதம். உங்கள் பக்கத்துப் பறவை ஆர்வலர்களிடமோ வனத்துறையிடமோ கேட்டால் சொல்வார்கள். அந்த மாதங்களில் பாதையை விட்டு அகலவே வேண்டாம், மணல் ஆழமாக இருந்தால் தள்ளிக்கொண்டு போங்கள். உள்கரையில் உவர்ச்செடிகள் படர்ந்த சதுப்பிலும் அப்படித்தான். மெத்தென்ற அந்த மண்ணில் ஒரு டயர் தடம் விழுந்தால் சீக்கிரத்தில் மறையாது. அது வாய்க்காலாகித் தண்ணீர் ஓடும் போக்கையே மாற்றும்.

நெய்தல்:

ஆலா, இதை நான் யோசிக்கவே இல்லை. ரொம்ப நன்றி. வனத்துறைகிட்ட கேட்டுட்டுத்தான் தேதி வைப்பேன்.

ஸ்போக் ஐயா, வட அரைக்கோளம்தான், அப்ப நீங்க சொன்ன மாதிரியே மணல்திட்டு முதல்ல. முகடு அண்ணா, 36 செயின்ரிங் இன்னிக்கே பார்க்கிறேன். இன்னும் ரெண்டு விஷயம் பாக்கி. உள்கரைக் களியை எப்படிச் சமாளிக்கிறது? வீட்டுக்கு வந்தப்புறம் உப்பை எப்படி எடுக்கிறது? ஹோஸ் பைப்பில் ப்ரெஷரா அடிச்சா போதுமா?

பழைய ஸ்போக்:

களி முதலில். காயல் விளிம்பில் படிவது மலையிலிருந்து அடித்து வந்த மிக நுண்ணிய வண்டல். முழுசாக நனைந்து தண்ணீர் நிற்கும்போது அது அவ்வளவு ஒட்டாது. முழுசாகக் காய்ந்தாலும் பிரச்சினை இல்லை, தார்ச்சாலை கணக்காக ஓடலாம். இரண்டுக்கும் நடுவில், மேலே வெடிக்கத் தொடங்கி அடியில் ஈரம் இருக்கும் பதத்தில்தான் டயரோடு சுருண்டுகொண்டு வரும். முதல் இரண்டு சுற்றிலேயே டயர் ஒரு விரல் தடிக்கும். அடுத்து ஃப்ரேமில் அடைக்கும், செயினிலும் டெரெய்லரிலும் புகும். அந்த நேரத்தில் பலம்கொண்டு மிதித்தால் டெரெய்லர் சக்கரத்துக்குள் இழுபட்டு முறியும். 2023இல் அமெரிக்காவின் கான்சாஸில் நடந்த அன்பவுண்ட் கிராவல் பந்தயத்தில் தொடக்கத்திலேயே வந்த சேற்றில் நல்ல நல்ல ஓட்டக்காரர்களெல்லாம் பைக்கைத் தோளில் தூக்கி நடந்தார்கள், பலருக்கு டெரெய்லர் அங்கேயே போயிற்று. பெயின்ட் கலக்கும் தட்டையான மரக்குச்சி ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளும் வழக்கம் அங்கே உண்டு. நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அடைக்கத் தொடங்கியதுமே இறங்கி, ஃப்ரேமுக்கும் டயருக்கும் நடுவில் அதைவிட்டு வழித்தெடுங்கள். மிதி கனக்கிறது என்று தோன்றுகிற முதல் நொடியே இறங்க வேண்டும். தள்ளிக்கொண்டு போனாலும் அடைக்கும், தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். பாதைக்குள்ளேயே புல் முளைத்த நடுமேடு இருந்தால் அதன் மேல் ஓட்டுங்கள், வேர் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும். இரண்டு நாளுக்குள் மழை பெய்திருந்தால் உள்கரையை விட்டுவிட்டு, சற்று மேலே சாலை இருந்தால் அதைப் பிடியுங்கள்.

உங்களிடம் இருக்கும் பிரேக் பேட் ரெசின் வகையா என்று பாருங்கள். களியும் மணலும் கலந்த தண்ணீர் ரெசினைச் சீக்கிரம் தின்றுவிடும். சின்டர்டு உலோகப் பேட் அதைவிடத் தாங்கும், கொஞ்சம் சத்தம் போடும், அவ்வளவுதான். ரோட்டரில் (பிரேக் டிஸ்க் தகட்டில்) 'ரெசின் மட்டும்' என்று அச்சிட்டிருந்தால் உலோகப் பேட் போடக்கூடாது.

இனி உப்பு. இதில்தான் நிறையப் பேர் பைக்கை இழக்கிறார்கள், தெரியாமலே இழக்கிறார்கள். உப்புக்குக் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உண்டு. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே கசிந்து கரைசலாகும். கரையோரத்தில் பெரும்பாலான இரவுகளில் அதைத் தாண்டும். அதனால் நீங்கள் துடைத்துவிட்டு உள்ளே நிறுத்திய பைக்கிலும், ஒரு மூலையில் உப்பு ஒட்டியிருந்தால், இரவெல்லாம் துரு வேலை செய்துகொண்டே இருக்கும்.

ப்ரெஷர் வேண்டாம். ப்ரெஷரில் அடித்தால் உப்புத் தண்ணீரை ஹப் (சக்கரத்தின் நடு), பாட்டம் பிராக்கெட் (மிதியின் அச்சு), ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் இடம்) பேரிங்குகளுக்குள் நீங்களே ஏற்றிவிடுவீர்கள். நல்ல தண்ணீர் நிறைய வேண்டும், மெல்ல வழிய வேண்டும். வீடு திரும்பிய அன்றைக்கே, களைப்பாக இருந்தாலும், மேலிருந்து கீழாக ஊற்றி அலசுங்கள். அப்புறம் சோப்புத் தண்ணீர், பிரஷ், மறுபடி அலசல். உப்பு ஒளிந்துகொள்ளும் இடங்களைத் தனியாகப் பாருங்கள்: பாட்டில் கேஜ் திருகாணியைச் சுற்றி, ஸ்போக் நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் பிடிக்கும் சின்ன நட்), சீட்போஸ்ட் ஃப்ரேமுக்குள் நுழையும் வளையம், கேபிள் உறை நுனி, பாட்டில் கூண்டுக்கு அடியில். உலர்ந்த துணியால் துடைத்து, செயினைக் கையால் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே துணிக்குள் இழுங்கள். துணியில் ஈரம் வராத வரைக்கும் எண்ணெய் விடாதீர்கள். ஈரத்தின் மேல் விட்ட எண்ணெய் ஈரத்தை உள்ளேயே பூட்டிவைக்கும்.

போவதற்கு முன்பே செய்ய வேண்டிய ஒன்று: சீட்போஸ்ட்டைக் கழற்றி, அலுமினிய போஸ்ட் என்றால் கிரீஸோ ஆன்டி-சீஸோ (இறுகிப் பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவி மாட்டுங்கள். போஸ்ட் கார்பன் என்றால் கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட் தடவுங்கள். உப்புத் தண்ணீர் நடுவில் புகுந்தால், வேறுவேறு உலோகங்கள் தொடும் இடத்திலும் உலோகமும் கார்பனும் தொடும் இடத்திலும் உலோகம் அரித்துப்போகும். அப்படிப் பிடித்துக்கொண்ட போஸ்ட்டை எடுக்க ஃப்ரேமையே அறுத்தவர்கள் உண்டு. நிப்பிள் அலுமினியமா பித்தளையா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள். உப்புக்காற்றில் அடிக்கடி ஓட்டுவதாக இருந்தால் அடுத்த சக்கரத்துக்குப் பித்தளை கேட்டு வாங்குங்கள். சில கிராம் எடை கூடும், பல வருடம் கூட வரும்.

நெய்தல்:

இவ்வளவு விவரமா எழுதினதுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல ஐயா. வனத்துறைல விசாரிச்சுட்டேன், முட்டையிடும் பருவம் முடிஞ்சிருச்சாம். இருந்தாலும் பாதையை விட்டு விலகமாட்டேன். முகத்துவாரம் திறந்திருக்கு. அடுத்த ஞாயிறு கடல்ல தாழ் ஓதம் காலை 6.50. உள்கரைக்கு நான் வர்றதுக்கு மூணு மணி ஆகும்னு வெச்சா, அப்ப காயல்ல தண்ணி வடிஞ்சுக்கிட்டு இருக்குமா, ஏறிக்கிட்டு இருக்குமா?

பழைய ஸ்போக்:

காலை 6.50க்குத் தாழ் ஓதம் என்றால் அடுத்த உயர் ஓதம் பகல் ஒரு மணியை ஒட்டி வரும், அதற்கடுத்த வற்றம் இரவு ஏழேகாலுக்கு. மூன்று மணிக்கு வெளிக்கடலில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும். ஆனால் காயலின் உள்கோடியில் அந்த நேரத்தில்தான் உச்சத்துக்கு வந்திருக்கும், அல்லது இன்னும் ஏறிக்கொண்டிருக்கும். அதனால் அவசரப்பட்டு இறங்காதீர்கள். மலை அடிவாரத்தில் ஒரு மணி நேரம் நின்று சாப்பிட்டு, நாலு மணிக்கு மேல் கரைக்கு வாருங்கள். இறங்குகிற இடத்தில் கரையில் நட்ட கம்போ கல்லோ இருந்தால் ஈரக்கோட்டைப் பாருங்கள். தண்ணீருக்கு மேலே ஈரமாக ஒரு பட்டை தெரிந்தால் வடியத் தொடங்கிவிட்டது என்று பொருள். காற்றும் அதற்குள் உங்கள் முதுகுக்குத் திரும்பியிருக்கும். வெளிச்சம் போவதற்குள் 25 கி.மீ. முடிக்க நேரம் இருக்கிறதா என்று மட்டும் அன்றைய அஸ்தமன நேரத்தை வைத்துச் சரிபாருங்கள், எதற்கும் முன்விளக்கு ஒன்று இருக்கட்டும்.

சனிக்கிழமை இரவு சீலன்ட்டையும் (ஓட்டை விழுந்தால் அடைக்க டியூப்லெஸ் டயருக்குள் ஊற்றும் திரவம்) பார்த்துவிடுங்கள். வால்வைக் கீழே கொண்டுவந்து, காற்றை இறக்கி, வால்வு கோரை (வால்வின் உள்பகுதியை) கழற்றி, மெல்லிய கேபிள் டை ஒன்றை உள்ளே விட்டு அடிவரை தொட்டு எடுங்கள். நுனியில் பால் மாதிரி ஒட்டினால் போதும். காய்ந்து வந்தால் அந்த வழியாகவே 50 மி.லி. ஊற்றிக் காற்றடியுங்கள்.

மலைமுகடு:

புது செயின்ரிங் போட்டதும் நேராக ஞாயிற்றுக்கிழமை கிளம்பிவிடாதீர்கள் நெய்தல். பக்கத்தில் ஒரு மேட்டில் எல்லா கியரையும் அழுத்தத்தோடு ஒருமுறை மாற்றிப் பாருங்கள். செயின்ரிங் போல்ட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கும் விசையை அளக்கும் ஸ்பானரில்), அதில் குறித்திருக்கும் அளவுக்கு இறுக்குங்கள். முதல் ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை பாருங்கள், சில சமயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.